தன்கதவு

சிறுத்தை தன் கதவைத் திறக்க எழுந்து வந்தபோது இயக்குநர் தங்கதுரை தேநீரை வாயருகே கொண்டுபோயிருந்தார். கோப்பை அங்கேயே நின்றுவிட்டது.

கைக்கெட்டும் தூரத்தில், கம்பிவலைக்கு அந்தப் பக்கமாக அது நடந்துபோனது. அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. கூண்டின் கதவில் பதித்திருந்த வட்டப் பலகையை முன்னங்காலால் அழுத்தியது. கதவு நகர்ந்ததும் வாசலில் நின்று காற்றை மோந்தது. பிறகு அவசரமில்லாமல் வலைச்சந்து வழியே கிளம்பிவிட்டது. சந்தின் மறுமுனையில் வேலி எதுவும் கிடையாது. அதற்கப்பால் கருத்தமலைக் காடு.

"திரும்பி வருமா?" என்று கேட்டார் தங்கதுரை.

"இதுவரைக்கும் வந்திருக்கு. வரலேன்னாலும் தப்பில்ல," என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள் பேச்சித்தாய்.

கருத்தமலை அடிவாரத்தில் இருந்த உயிர்நல ஆய்வகத்துக்குத் தலைமை வகிப்பவள் அவள். வருகிறவர்கள் எல்லாரும் இந்த ஒரு காட்சியைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தங்கதுரை சீர்திருத்தக் காப்பகத் துறையின் இயக்குநர். பழைய பேச்சில் சொன்னால், சிறைகளைப் பார்த்துக்கொள்கிறவர். மெதுவாகப் பேசுவார். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார். அதனாலேயே முதல் சந்திப்பில் பேச்சித்தாய்க்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

செவந்தி என்று பெயர் வைத்திருந்த அந்தச் சிறுத்தை அடிவாரத்துக் கிராமமொன்றில் புல்லறுக்கப் போன பெண்ணின் தோளைக் கிழித்த விலங்கு. பிடித்து வேறொரு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அறியாத இடத்தில் வழி தெரியாமல் அலைந்து, வீடுகளுக்குள் புகுந்து, முன்னைவிட மோசமாகிவிட்டது. மறுபடி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கூண்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து அதன் பாதங்கள் புண்ணாகின. கூண்டைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். மரம் வைத்தார்கள், குளம் வெட்டினார்கள். கழுத்துப்பட்டையில் இருந்த நலமானி அசையவே இல்லை.

நலமானி பொறியாளர் மைதீனின் கைவேலை. வெற்றிலைக் காம்பு அளவே இருக்கும். தோலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்திலும் நரம்பிலும் ஓடுவதைப் படித்து, அந்த உயிர் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும். மனிதனுக்கும் சிறுத்தைக்கும் ஒரே அளவுகோல்.

எதைக் கொடுத்தும் எண் ஏறாதபோதுதான் செவந்தியின் கையிலேயே கதவைக் கொடுத்துவிடலாம் என்று பேச்சித்தாய்க்குத் தோன்றியது. ஊரே வந்து ஆய்வகத்தின் முன் உட்கார்ந்து எதிர்த்தது. கால்நடைகளுக்கெல்லாம் காவல் ஏற்பாடு செய்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பேசி, கடைசியில் சம்மதம் வாங்கினாள். பலகையை அழுத்தினால் கதவு திறக்கும் என்று செவந்தி கற்றுக்கொண்ட அன்று நலமானியின் எண் விறுவிறுவென்று ஏறியது. அன்று அது வாசலைத் தாண்டவே இல்லை. போனதால் வந்த நிம்மதி இல்லை அது. நினைத்தால் போகலாம் என்று தெரிந்ததால் வந்தது.

அதைவிட வியப்பானது ஊரில் நடந்தது. பிறகு பிடிபட்ட மற்றச் சிறுத்தைகளுக்கும் இதே கதவை வைத்தார்கள்; அதைத் திறக்கத் தெரிந்த சிறுத்தைகள் எவையும் அதன்பின் வீடுகளை அண்டவில்லை. துரத்தப்பட்ட விலங்குதான் கண்ட இடத்தில் நுழையும். ஒதுங்க ஓர் இடமும், அந்த இடத்துக்குத் தன் வசத்தில் ஒரு வாசலும் இருந்துவிட்டால் அதற்கு ஏன் ஊர்வம்பு?

அந்த ஏற்பாட்டுக்கு மைதீன் வைத்த பெயர் தன்கதவு. பெயர் காட்டோடு நிற்கவில்லை. நூற்பாலை விடுதிகளில் பெண்பிள்ளைகளை வைத்துப் பூட்டிய பூட்டுகள் போயின. முதியோர் இல்லங்களுக்கும் தங்கிப் படிக்கும் பள்ளிகளுக்கும் மனநல மனைகளுக்கும் தன்கதவு வந்தது. பிறகு அதுவே சட்டமாயிற்று: ஓர் உயிரை அடைத்து வைக்கும் எந்த இடத்திலும் அந்த உயிரே திறக்கக்கூடிய ஒரு கதவு இருக்க வேண்டும். சம்பந்தம் பேசப் போன இடத்தில், "எங்க பிள்ளைக்கு அங்க தன்கதவு உண்டுமா?" என்று பெண் வீட்டார் கேட்கும் அளவுக்கு அந்தச் சொல் புழங்கியது.

சிறைகளுக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு இருந்தது. அந்த விலக்கை நீக்கத்தான் தங்கதுரை வந்திருந்தார். மேலக்கரைத் திறந்தவெளிச் சிறையில் ஒரு பரிசோதனை செய்து பார்க்க வேண்டும் என்றார். அடிதடியும் தற்கொலை முயற்சியும் குறைந்தால் போதும், வேறெதுவும் அவர் எதிர்பார்க்கவில்லை. பேச்சித்தாய் ஒப்புக்கொண்டாள்.

மேலக்கரையில் ஒவ்வொரு அறையின் பின்சுவரிலும் ஒரு கதவு வைத்தார்கள். பக்கத்தில் பலகை, பலகைக்கு மேலே சிறிய பச்சை விளக்கு. பகலில் எப்போது வேண்டுமானாலும் திறந்துகொண்டு வெளியே போகலாம். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டால் கேள்வி இல்லை. திரும்பாவிட்டால் தண்டனை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கும். சிலர் அடிக்கடி போய் ஆற்றில் குளித்துவிட்டு, கடையில் வடை தின்றுவிட்டு வந்தார்கள். பெரும்பாலானோர் போகவே இல்லை. ஆனால் எல்லாருடைய எண்ணும் ஏறியது.

போகாதவர்களில் ஒருவர் மாசானம். ஐம்பதைத் தாண்டிய மனிதர். வாய்க்கால் மடையை யார் முதலில் திறப்பது என்ற தகராறில் பக்கத்து வயல்காரர் கொம்பையாவை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவர். தான் செய்யவில்லை என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. கதவு வைப்பதற்கு முன்பு சிறையிலேயே மிகத் தாழ்ந்த எண் அவருடையதுதான். யாரோடும் பேசமாட்டார், சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார். கதவு வந்த சில மாதங்களில் தோட்டத்தில் கத்தரி போட்டார், இரவில் உறங்கினார். பேச்சித்தாய் வாரத்துக்கொரு முறை போகும்போது, "வாங்க டாக்டரம்மா," என்று பெஞ்சைத் துடைத்துப் போடுவார். கதவை ஏன் ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்று கேட்டதற்கு, அது அங்கே இருந்தால் போதும் என்றார்.

அந்த ஆண்டு ஐப்பசி மழை வழக்கத்தைவிடக் கடுமையாகப் பெய்தது. மழை ஓய்ந்து ஆய்வகத்துக் கருவிகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்த மைதீன் பேச்சித்தாயை அழைத்து ஒன்றைக் காட்டினான். இடி விழுந்ததில் செவந்தியின் கதவைத் திறக்கும் இயந்திரம் கருகியிருந்தது. கருகி வாரக்கணக்கில் ஆகியிருந்தது. காலில் முள் குத்தி, கட்டுப் போட்டுப் படுத்திருந்த செவந்தி அந்த நாட்களில் பலகையைத் தொடவே இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. செவந்திக்கும்தான். நலமானியில் எண் எள்ளளவும் இறங்கியிருக்கவில்லை.

அன்றே பழுதைச் சரி செய்தார்கள். பேச்சித்தாய் அந்த ஆண்டின் ஆய்வுக்கட்டுரையில் இதையும் ஒரு பத்தியாக எழுதினாள்: கதவு திறக்காது என்பதை உயிர் அறியாதவரை அதன் நலம் குறைவதில்லை. கண்டதை மறைக்காமல் எழுதுவதுதான் ஆய்வாளருக்கு அழகு என்பது அவள் எண்ணம். மைதீன் மட்டும் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தான். "இது தேவையா டாக்டர்?" என்று கேட்டான். தேவை என்றாள்.

கட்டுரை வெளிவந்தது. பாராட்டு வந்தது. ஓராண்டுக்கு மேல் ஓடிற்று.

அடுத்த கோடையில் மாசானத்தின் எண் ஒரே நாளில் சரிந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். மருத்துவர் பார்த்து உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். எண் மேலும் இறங்கியது. நேரில் போய்ப் பார்த்தபோது அவர் கத்தரிப் பாத்தியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். செடிகள் வாடிக்கிடந்தன. பெஞ்சைத் துடைத்துப் போட எழுந்திருக்கவில்லை.

பேச்சித்தாய் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். வாடிய இலையொன்றைக் கிள்ளிக்கொண்டே அவர் பேசத் தொடங்கினார்.

கொம்பையாவுக்கு ஒரு மகன். சிவனணைந்தான் என்று பெயர். தகப்பன் சாகும்போது கைக்குழந்தை. இப்போது வளர்ந்து, தென்காசியில் வேலை பார்க்கிறான். அவன் ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தான்: சனிக்கிழமை மேலக்கரை பஸ் நிறுத்தத்தில் நிற்பேன், வந்தால் பேசலாம், வராவிட்டால் இனி கேட்கமாட்டேன். உள்ளே வந்து பார்க்க அனுமதி கேட்டிருக்கலாம். ஆனால் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனோடு பேச அவனுக்கு விருப்பமில்லை.

மாசானம் வெள்ளிக்கிழமை இரவு முழுவதும் உறங்கவில்லை. சனிக்கிழமை காலையில் குளித்து, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு முதல்முறையாகப் பலகையில் கை வைத்தார்.

"தெறக்கல டாக்டரம்மா."

"நல்லா அழுத்துனீங்களா அண்ணாச்சி?"

"மத்தியானம் வரைக்கும் அழுத்துனேன். பச்ச லைட்டு எரிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு."

பஸ் நிறுத்தத்தில் சிவனணைந்தான் மாலை வரை நின்றுவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டார்.

"காவலர்ட்ட சொல்லலியா? பக்கத்து அறைக்காரங்ககிட்டயாவது?"

மாசானம் தலையை அசைத்தார். "அவனுவ நல்லா தூங்குதானுவ. எங்கதவு தெறக்கலேன்னு தெரிஞ்சா அவனவன் கதவப் போய்ப் பாப்பான். எதுக்கு?"

பேச்சித்தாய் எழுந்து அவர் அறைக்குள் போனாள். பலகையை அழுத்தினாள். பிறகு சாவிக்கொத்தில் இருந்த சிறு கத்தியால் விளிம்பை நெம்பிக் கழற்றினாள். பின்னால் பச்சை விளக்குக்குப் போகும் ஒற்றைக் கம்பி இருந்தது. கதவுக்குப் போகும் கம்பியையே காணோம், வெறும் செங்கல்.

மறுநாள் தங்கதுரையின் அலுவலகத்துக்குப் போனபோது அவர் எதையும் மறைக்கவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். மேலக்கரைக்குப் பின் கதவு வைத்த வேறொரு சிறையில் பல மாதங்களாகக் கதவைத் தொடாத ஒருவன் திடீரென்று ஒருநாள் வெளியே போயிருக்கிறான். நேராகத் தனக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் வீட்டுக்குப் போயிருக்கிறான். சாட்சி பிழைத்ததே பெரிய காரியம். அந்தச் செய்தி வெளியே வந்திருந்தால் தன்கதவுத் திட்டமே செத்திருக்கும். அப்போதுதான் அவர் அவளுடைய கட்டுரையை மறுபடி படித்தாராம். அடிக்கடி போய்வருகிறவர்களின் கதவுகளை அப்படியே விட்டுவிட்டு, போகாதவர்களுடையதை மட்டும் சத்தமில்லாமல் அடைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை மற்றவர்களுக்குச் சந்தேகமே வராது.

"நீங்க எழுதினதுதான், டாக்டர். புதுசா நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல," என்றார். குத்திக்காட்டும் தொனி இல்லை. அவருடைய துறையைப் பார்த்து விடுதிகளும் இல்லங்களும் பள்ளிகளும்கூட இதைச் செய்யத் தொடங்கிவிட்டன என்பதையும் அவரே சொன்னார். காவலுக்கு ஆள் குறைவு, பழுது பார்க்கும் வேலையும் குறைவு. நலமானியில் ஒரு மாற்றமும் இல்லை.

எல்லாருக்கும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள் பேச்சித்தாய்.

அவர் நலக்காப்பு விதியை நினைவூட்டினார்: காப்பில் இருக்கும் உயிர்களின் அளந்தறியப்பட்ட நலத்தைக் குறைக்கும் எந்தச் செயலையும் ஆய்வாளர் செய்யக்கூடாது. கூண்டைத் தட்டிப் பார்க்கும் பார்வையாளர்களிடமிருந்து விலங்குகளைக் காப்பதற்காகப் பேச்சித்தாய் தன் கையால் எழுதிக்கொடுத்த விதி அது. பின்னால் மனிதர்களுக்கும் விரித்துவிட்டார்கள்.

"நீங்க சொன்னா அடைச்ச கதவு வச்சிருக்கவங்க மட்டும் வேதனைப்படமாட்டாங்க. நிஜக்கதவு வச்சிருக்கவங்களும் சேர்ந்து தவிப்பாங்க. யார் கதவு எதுன்னு யாருக்குத் தெரியும்? யோசிச்சுச் செய்யுங்க."

யோசித்தாள். முறைப்படி ஆய்வுநெறிக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டாள், உண்மையை வெளியிட அனுமதி கேட்டு. பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த வாரம் நன்றாக உறங்கினாள். இன்னொரு வாரமும் உறங்கினாள். ஒருநாள் மத்தியானம் மைதீன் அவளுடைய நலமானியை வழக்கம்போல் சரிபார்த்தான். எண்ணைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தயங்கினான்.

"ரொம்ப நல்லாயிருக்கு டாக்டர். விண்ணப்பம் போட்ட நாள்லேருந்து ஏறியிருக்கு."

அவளுக்கு முகம் சூடேறியது. அந்தக் குழு எந்த விண்ணப்பத்துக்காவது அனுமதி கொடுத்து அவள் பார்த்திருக்கிறாளா? நினைவில் ஒன்றும் இல்லை. ஆனாலும் விண்ணப்பம் அங்கே இருக்கிறது என்ற நினைப்பே அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது. மாசானத்துக்கு அந்தப் பச்சை விளக்கு எப்படியோ, அவளுக்கு இது.

மறுநாள் மேலக்கரைக்குப் போனாள். மாசானத்தைத்தான் முதலில் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்டாள்.

"நான் சொல்லமாட்டேன். நீங்க சொன்னா தடுக்கமாட்டேன்," என்றார் அவர்.

காலைக் கணக்கெடுப்புக்காக எல்லாரும் புங்கமரத்தடியில் கூடியிருந்தபோது அவள் நடுவில் போய் நின்றாள். கதவுகள் எப்படி வந்தன, எதற்காக வைத்தார்கள், பிறகு எவை அடைபட்டன, அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தன்னுடைய கட்டுரையிலிருந்து வந்தது என்பதையும் சொன்னாள். கத்துவார்கள், கல்லெறிவார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். யாரும் கத்தவில்லை. ஒருவர் எழுந்து தன் அறைக்குப் போனார். இன்னொருவர் போனார். பிறகு எல்லாரும் போனார்கள். முற்றத்தில் நின்றபடியே பலகைகளை அழுத்தும் சத்தத்தை அவள் கேட்டாள். சில கதவுகள் திறந்தன. பல திறக்கவில்லை.

திரும்பி வந்தவர்களில் ஒரு வயதானவர் அவள் எதிரே நின்றார். கதவு திறக்காதவர்களில் அவரும் ஒருவர்.

"நிம்மதியா இருந்தோம்லாம்மா. எங்களக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்லா?"

கேட்பதென்றாலே சொல்லிவிட்டது போலத்தானே என்று வீட்டுக்குப் போன பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. அதுவும் சரியான பதிலாகப் படவில்லை.

செய்தி அன்று மாலைக்குள் மாநிலமெங்கும் போய்விட்டது. விடுதிகளிலும் இல்லங்களிலும் பள்ளிகளிலும் அன்று கதவை அழுத்தாத கை இல்லை. நலமானிகள் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. அப்படியொரு சரிவைக் கருவி வந்த நாளிலிருந்து யாரும் கண்டதில்லை. நலக்காப்பு விதியை மீறியதற்காகப் பேச்சித்தாயை ஆய்வகத் தலைமையிலிருந்து நீக்கினார்கள். ஆய்வுகள் செய்யவும் தடை விதித்தார்கள். மைதீன் பொறுப்பேற்றான். துணைக் கண்காணிப்பாளர் என்று ஏதோ ஒரு பெயரில் அவளுக்கு ஓர் இடம் வாங்கிக்கொடுத்தான். தெருவில் அவளைப் பார்த்து முகம் திருப்பியவர்கள் உண்டு. வழிமறித்துக் கும்பிட்டவர்களும் உண்டு.

மக்கள் விடவில்லை. அடைத்த கதவுகளையெல்லாம் உடைத்து நிஜக்கதவு வைக்க அரசு ஆணையிட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கதவையும் காலையில் அதற்குரியவர் முன்னாலேயே திறந்து காட்ட வேண்டும் என்றும் விதித்தது. சிறைகளில் முதல்முறை வெளியே போகிறவரோடு அவருடைய எண்ணைக் காட்டும் கைமானியோடு ஒரு கண்காணிப்பாளர் கூடப் போக வேண்டும் என்று மட்டும் ஒரு நிபந்தனை சேர்ந்தது. பல் தேய்ப்பதைப் போலக் கதவைத் திறந்து பார்ப்பதும் காலை வழக்கமாயிற்று. வாசலில் ஒரு நிமிடம் நிற்பார்கள், மூடிக்கொள்வார்கள்.

எல்லாம் சரியாகிவிட்ட பிறகும் எண்கள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

தங்கதுரை பதவி மாறிப் போவதற்கு முன் ஒருமுறை பேச்சித்தாயின் வீட்டுக்கு வந்தார். வரைபடத்தைத் திரையில் காட்டினார். அடைத்த கதவுகள் இருந்த காலத்தில் கோடு மேலே ஓடியது. எல்லாக் கதவும் திறக்கிற இந்தக் காலத்தில் கீழே ஓடியது.

"அப்ப எல்லாரும் இதைவிட நல்லா இருந்தாங்க டாக்டர். இது என் அபிப்பிராயம் இல்ல. உங்க கருவி சொல்லுது," என்றார்.

அவள் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. காப்பி போட்டுக்கொடுத்தாள். குடித்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நடந்ததெல்லாம் செய்தியில் வந்தபோதுதான் சிவனணைந்தானுக்கு விவரம் தெரிந்தது. மாசானம் வர மறுத்துவிட்டார் என்றே அவன் அதுவரை நினைத்திருந்தான். இனி கேட்கமாட்டேன் என்றவன் மறுபடி ஆளனுப்பினான். முதல்முறை போகிறவரோடு கூடப் போக வேண்டிய கண்காணிப்பாளராகத் தன்னையே போடும்படி மைதீனிடம் பேச்சித்தாய் கேட்டுக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு சிறு பாலம் இருந்தது. அதன் கைப்பிடிச் சுவரில் அவன் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான உடம்பு. மடியில் உணவுப் பெட்டி வைத்த பை. மாசானம் கொஞ்ச தூரம் தள்ளி நின்றார். உட்காருங்க என்று அவன் சொன்ன பிறகே உட்கார்ந்தார். பேச்சித்தாய் எதிர்ச்சாரியில் மூடிக்கிடந்த கடையின் படியில் உட்கார்ந்தாள். சாலையில் வண்டி இல்லாததால் பேச்சு காதில் விழுந்தது.

மடியிலிருந்த பையை இறக்கி வைத்துவிட்டு அவன் கேட்டான்.

"எங்கய்யா கடைசியா என்ன சொன்னாவ?"

மாசானம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"தண்ணி கேட்டாரு."

"குடுத்தீயளா?"

"இல்ல. ஓடிட்டேன்."

பேச்சித்தாயின் கையிலிருந்த கைமானி அதிர்ந்தது. மாசானத்தின் எண் இறங்கிக்கொண்டே போனது. நடந்து நடந்து பாதம் புண்ணாகிக் கிடந்த நாட்களில் செவந்தி காட்டிய எண்ணுக்கும் கீழே போயிற்று. அவ்வளவு தாழ்வை அவள் எந்த உயிரிடமும் பார்த்ததில்லை. கருவியில் எழுத்து ஓடியது: நலம் எல்லைக்குக் கீழே. வெளிச்செல்கையை முடித்துத் திரும்ப அழைக்கவா?

அழைக்கலாம். விதி அதைத்தான் சொல்கிறது. அவளே எழுதிய விதி. பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். சிவனணைந்தான் எழுந்து போய்விடவில்லை. அடிக்கவும் இல்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றி, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாசானமும் அப்படியே உட்கார்ந்திருந்தார். தென்காசி பஸ் வந்து நின்று, யாரும் ஏறாமல் கிளம்பிப் போயிற்று. கருவி மறுபடி கேட்டது. அவள் விரலை எடுத்துவிட்டாள்.

வெயில் தாழ்ந்த பிறகு அவன் எழுந்தான். அடுத்த சனிக்கிழமையும் வருவதாக மட்டும் சொன்னான். எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, மாசானமும் கேட்கவில்லை. பேச்சித்தாயோடு மாசானம் சிறைக்குத் திரும்பி நடந்தார். கதவருகே வந்ததும் தானே பலகையை அழுத்தி உள்ளே போனார்.

அந்த வாரம் முழுவதும் அவருடைய எண் ஏறவில்லை. கத்தரிக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினார். இரண்டாம் முறைக்குத் துணை தேவையில்லை என்றாலும் சனிக்கிழமை காலையில் பேச்சித்தாய் போனாள். விடிந்ததிலிருந்தே எண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. வாசல் திறக்கும் என்று தெரிந்த உயிருக்கு எண் ஏறும். அதுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. அதை வைத்துத்தான் ஊர் உலகமே கதவு போட்டது. மாசானம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அது இரண்டு மூன்று தடவை தவறிப்போயிற்று.

"இவ்வளவு கஷ்டமா இருந்தா இன்னைக்குப் போகவேண்டாமே அண்ணாச்சி. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"கஷ்டமாத்தான் இருக்கு," என்றார் மாசானம். "அவன் வந்து நிப்பான்லா."

பொத்தானைப் போட்டு முடித்துவிட்டு, அவர் பலகையில் கையை வைத்தார்.